கேம்பர் டிரெய்லரோடு நியூ சவுத் வேல்ஸின் மேற்கே: 16 நாள், நான்கு தேசியப் பூங்காக்கள் (அனுபவம் + கேள்வி பதில்)

#1 செம்மண்_பாதை (சிட்னி)

எல்லோருக்கும் வணக்கம். ஜூலைப் பள்ளி விடுமுறையில் நான், மனைவி, 12 வயது மகள், 8 வயது மகன் நான்கு பேரும் எங்கள் நான்கு சக்கர இழுவை வண்டியில் கேம்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேற்கே போய் வந்தோம். மொத்தம் 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிளம்பும் முன் தமிழில் தேடிப் பார்த்தேன். உலுருவையும் கடற்கரை ஊர்களையும் பற்றி நிறைய இருக்கிறது, நடுவில் கிடக்கும் இந்தப் பெரிய நிலத்தைப் பற்றி எதுவும் கண்ணில் படவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

போன வழி: சிட்னி, கூனபரபிரன், நிங்கன், பர்க், கோபார், வில்கானியா, புரோக்கன் ஹில், மெனிண்டி, பூன்காரி, முங்கோ, ஹே, வீடு. தங்கிய பூங்காக்கள் வாரம்பங்கிள், குண்டபூக்கா, கின்சேகா, முங்கோ. முத்தவிஞ்சிக்கும் போக நினைத்தோம், எட்டு மில்லிமீட்டர் மழையால் நடக்கவில்லை.

முதலில் வாரம்பங்கிள். சிட்னியிலிருந்து சுமார் 450 கிலோமீட்டரில் கூனபரபிரன், அங்கிருந்து மேற்கே இன்னும் 35. பழைய எரிமலை ஒன்றின் மிச்சம்தான் இந்த மலைகள். பிரெட்நைஃப் என்கிற பாறை சுமார் 90 மீட்டர் உயரத்துக்குச் சுவராக நிற்கிறது, அகலமோ சில மீட்டர்தான். மண்ணுக்கடியில் விரிசலில் ஏறி இறுகிய எரிமலைக் குழம்பு அது, சுற்றியிருந்த மெல்லிய பாறையெல்லாம் கரைந்து போய் இது மட்டும் நிற்கிறது. அதைச் சுற்றி கிராண்ட் ஹை டாப்ஸ் வரை போய்வரும் நடை 14.5 கிலோமீட்டர். மகளும் அம்மாவும் முழுதாக நடந்தார்கள், நானும் மகனும் பாதியில் திரும்பினோம். 2013 ஜனவரித் தீயில் இந்தப் பூங்காவின் பெரும்பகுதி எரிந்தது. கருகிய தண்டின் மேலேயே கொத்துக் கொத்தாகத் துளிர் விட்டிருக்கும் யூகலிப்டஸ் மரங்களை வழியெங்கும் பார்க்கலாம்.

இரவு வானத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் இருண்ட வானப் பூங்கா என்று முதலில், 2016இல், அறிவிக்கப்பட்டது இதுதான். பக்கத்து மலையில் சைடிங் ஸ்பிரிங் ஆய்வகம் இருக்கிறது, 3.9 மீட்டர் தொலைநோக்கி 1974 முதல் அங்கே வேலை செய்கிறது. முகாமில் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியைச் சாய்த்துப் படுத்தோம். பால்வீதி நடு உச்சியில் வந்து நின்றபோது மகன் கேட்டான்: "இது தினமும் இருக்கா, இன்னைக்கு மட்டுமா?" தினமும் இருக்கிறது, நம் வீட்டிலிருந்து தெரிவதில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் எதுவும் பேசவில்லை.

அடுத்து நிங்கன். இது திட்டத்திலேயே இல்லாத தங்கல். வண்டி நிற்கும்போதெல்லாம் டிரெய்லர் சக்கரத்தின் ஹப்பை (நடு மையத்தை) புறங்கையால் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். நிங்கனுக்குள் நுழைந்து நிறுத்தியபோது இடது ஹப் இதமான சூட்டில் இருந்தது, வலது பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. தூசி மூடியின் ஓரத்தில் கிரீஸ் கருப்பாக வழிந்திருந்தது. டிரெய்லர் பழையது, விற்ற இடத்தில் பேரிங் (ஹப்புக்குள் சக்கரத்தைச் சுழலவிடும் உருளைத் தாங்கி) புதிதாகப் போட்டதாகச் சொல்லியிருந்தார்கள். உள்ளூர் மெக்கானிக் கழற்றிக் காட்டினார்: கிரீஸ் காய்ந்து, உருளைகள் நீலம் பாரித்திருந்தன. பொருள் வர ஒரு நாள் ஆனதால் இரண்டு இரவு அங்கேயே. பர்க் போகும் 200 கிலோமீட்டர் நேர்க்கோட்டு ரோட்டில் அது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். தயவுசெய்து, பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள் யார் என்ன சொன்னாலும் இரண்டு பக்கப் பேரிங்கையும் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு செட் கையிலும் இருக்கட்டும்.

அந்த இரண்டு இரவில் ஒன்றை முங்கோவுக்கு வைத்திருந்த இரவுகளிலிருந்து குறைக்க வேண்டியதாயிற்று. இப்போதும் எனக்கு வருத்தம் அதுதான்.

குண்டபூக்கா பர்க்குக்குத் தெற்கே, செம்மண்ணும் முல்கா மரங்களுமாக இருக்கும். அமைதியான இடம். வில்கானியா ஒரு இரவு. புரோக்கன் ஹில்லில் கடிகாரத்தை அரை மணி பின்னால் வைக்க வேண்டும், ஊர் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தைத்தான் பின்பற்றுகிறது. பி.எச்.பி. என்கிற பெரிய சுரங்க நிறுவனம் 1885இல் இந்த வெள்ளி, ஈயச் சுரங்கத்தில்தான் பிறந்தது. ஒட்டகம் ஓட்டி வந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய தகரப் பள்ளிவாசல் ஒன்று அங்கே இன்னும் இருக்கிறது. சின்னது, கட்டாயம் பாருங்கள்.

கின்சேகாவையும் முங்கோவையும் அடுத்த பதிவில் எழுதுகிறேன், கை வலிக்கிறது. அதற்குள் கேள்வி இருந்தால் கேளுங்கள்.

#2 பவளமல்லி (பிரிஸ்பேன்)

அண்ணா, அருமை. எங்களுக்கு 6 வயதிலும் 4 வயதிலும் குழந்தைகள். கேம்பர் டிரெய்லர் என்றால் கேரவன் இல்லை, கூடாரமும் இல்லை என்று மட்டும் தெரியும். முதல் தடவை போகிறவர்கள் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா? கழிப்பறைக்கு என்ன செய்தீர்கள்? சாப்பாடு?

#3 செம்மண்_பாதை

தங்கச்சி, முதல் தடவை வாடகைக்கே எடுங்கள். பெட்டி மாதிரி மடங்கிய டிரெய்லர், திறந்தால் மேலே மெத்தையும் சுற்றிலும் கான்வாஸும் விரியும். படுக்கை தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் குளிரும் ஈரமும் ஏறாது. பக்கவாட்டில் சமையல் மேடையை இழுத்துக்கொள்ளலாம். விரிக்க எங்களுக்கு முதல் நாள் 50 நிமிடம் ஆயிற்று, கடைசியில் 15.

கழிப்பறை: நாங்கள் தங்கிய நான்கு பூங்காக்களிலும் குழிக் கழிப்பறை உண்டு, சுத்தமாகவே இருந்தன. காகிதமும் கை கழுவும் நீரும் நாம் கொண்டு போக வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு இரவில் போக ஒரு கையடக்கக் கழிப்பறை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: ஜூலையில் வாரம்பங்கிளில் விடியற்காலை மைனஸ் 2. இட்லி மாவு புளிக்காது, அந்த யோசனையே வேண்டாம். மனைவி ரவையை வீட்டிலேயே வறுத்து, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துப் பொட்டலம் போட்டிருந்தார். கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் ஐந்தே நிமிடத்தில் உப்புமா. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி, ரசப்பொடி. நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டோடு ரசஞ்சாதம் சாப்பிட்டதைப் பிள்ளைகள் இன்னும் சொல்கிறார்கள்.

தண்ணீர் 80 லிட்டர். குளிக்காமல், துடைத்துக்கொண்டு மட்டும் இருந்தால் நான்கு பேருக்கு நான்கு நாள் தாராளமாக வந்தது.

#4 கூடாரம் (கான்பெரா)

நல்ல பதிவு. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. இருபது வருடமாகச் சாதாரணக் கூடாரத்தோடு இதே இடங்களுக்குப் போகிறேன். டிரெய்லர் இழுத்தால் பெட்ரோல் கூடுதல், வேகம் குறைவு, பேரிங், பிரேக், டயர் என்று கவலை கூடுதல். உங்களுக்கே இரண்டு நாள் போயிற்றே. அந்தப் பணத்துக்கு நல்ல கூடாரமும் நல்ல ஸ்லீப்பிங் பேக்கும் வாங்கினால் போதாதா?

#5 செம்மண்_பாதை

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செலவு கூடுதல்தான், கவலையும் கூடுதல்தான். எங்களுக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் மனைவியின் முதுகுவலி. தரையில் இரண்டு இரவுக்கு மேல் அவரால் படுக்க முடியாது. டிரெய்லர் இல்லையென்றால் இந்தப் பயணமே எங்களுக்கு இல்லை. இன்னொன்று, சமையல் மேடை, தண்ணீர், 45 லிட்டர் ஃப்ரிட்ஜ் எல்லாம் எப்போதும் கட்டி வைத்தபடி இருப்பதால் வெள்ளிக்கிழமை மாலை முடிவெடுத்துச் சனிக்கிழமை கிளம்ப முடிகிறது. இளம் வயதில் இரண்டு பேர் என்றால் நானும் கூடாரம்தான் சொல்வேன்.

#6 அச்சாணி (பெர்த்)

வண்டி வேலையில் இருப்பவன் என்பதால் பவளமல்லிக்கு எடைக் கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு எடுத்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

டிரெய்லர் தகட்டில் இரண்டு எண் இருக்கும். டேர் என்பது வெறும் எடை. ஏ.டி.எம். என்பது சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றியபின் அது தாண்டக் கூடாத எடை. உங்கள் கார் 1,500 கிலோ இழுக்கும் என்று புத்தகத்தில் இருந்தால் அது பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாததற்குப் பெரும்பாலான கார்களில் 750 கிலோதான். டிரெய்லரின் அச்சு தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் சட்டப்படியே பிரேக் வேண்டும், 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக்கும், கழன்றுவிட்டால் தானே பிடித்துக்கொள்ளும் அமைப்பும் வேண்டும்.

பலர் கவனிக்காதது கொக்கியின் மேல் இறங்கும் எடை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு சுமார் இருக்க வேண்டும். 1,400 கிலோ டிரெய்லர் என்றால் 140. பின்பக்கம் அதிகம் ஏற்றிவிட்டால் முன்பக்கம் லேசாகி, 90இல் போகும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அப்போது கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரில் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். கையால் இயக்கும் மின் பிரேக் கட்டுப்பாடு இருந்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெதுவாகப் போடுங்கள்.

தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 80 லிட்டர் என்றால் 80 கிலோ, அது அச்சுக்குப் பின்னால் இருந்தால் நிறைந்தபோது ஒரு நடத்தை, காலியானபோது வேறு நடத்தை.

ஹப்பைத் தொட்டுப் பார்த்த செம்மண்_பாதைக்கு ஒரு சல்யூட். அந்த ஒரு பழக்கம் போதும்.

#7 யாழ்த்தென்றல் (மெல்பேர்ன்)

அண்ணா, முங்கோ பற்றி எப்ப எழுதுவீங்கள்? நாங்கள் மில்டூராப் பக்கத்தால போன வருடம் போனோம். மண் றோட்டில தூசி ரெய்லருக்குள்ள புகுந்து தலையணை எல்லாம் சிவப்பு. அதுக்கு ஏதும் வழி உண்டோ?

#8 செம்மண்_பாதை

அக்கா, எங்களுக்கும் முதலில் புகுந்தது. சமையல் பெட்டிக் கதவின் ரப்பர் பட்டையை மாற்றினேன், படுக்கை எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தோம். தூசி முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் தலையணை தப்பித்தது.

டயர் காற்றுதான் மண் ரோட்டில் பெரிய விஷயம். தார் ரோட்டில் 38 பி.எஸ்.ஐ. வைத்திருந்தேன், மண் ரோடு தொடங்கும் இடத்தில் காரிலும் டிரெய்லரிலும் 28க்கு இறக்கி, வேகத்தை 60, 70க்குள் வைத்தேன். ரோடு தகரக்கூரை மாதிரி வரிவரியாக இருக்கும், காற்றைக் குறைக்காமல் போனால் ஒவ்வொரு வரியும் டிரெய்லரில் அடிக்கும். திருகாணிகள் தானாகக் கழன்று விழும். தார் வந்ததும் மறக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கின்சேகா, முங்கோ.

கின்சேகா டார்லிங் ஆற்றங்கரையில், மெனிண்டி ஏரிகளை ஒட்டி இருக்கிறது. பார்கிஞ்சி என்கிற பூர்வகுடி மக்கள் இந்த ஆற்றைப் பாக்கா என்பார்கள். ஒவ்வொரு முகாமும் ஆற்றோரம் தனித்தனியாக, பெரிய யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே. இந்த ரிவர் ரெட் கம் மரங்களின் அடியில் மட்டும் டிரெய்லரை விரிக்காதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் முழுக் கிளை முறிந்து விழும். நிழலுக்கு ஆசைப்படாமல் தள்ளி நின்றோம். 1875இல் கட்டிய ஆட்டுரோமக் கொட்டகை ஒன்று உள்ளே இருக்கிறது, அறுபது லட்சம் ஆடுகளுக்கு அங்கே ரோமம் வெட்டியிருக்கிறார்கள். மரத்தூண்களைத் தொட்டால் ஆட்டுக் கொழுப்பு ஏறி வழவழவென்று இருக்கும். ஆற்றைப் பார்த்தபோது 2018-19 கோடையிலும் 2023 மார்ச்சிலும் மெனிண்டியில் லட்சக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்த செய்தி நினைவுக்கு வந்தது. அன்று தண்ணீர் அமைதியாக, பால்விட்ட தேநீர் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

முகாம் தரையில் மகன் செருப்பில்லாமல் இறங்கி "ஆ" என்று கத்தினான். எடுத்துப் பார்த்தால் நெருஞ்சி முள். நம் ஊர் வரப்பில் கிடக்கும் அதே நெருஞ்சி, அதே மஞ்சள் பூ. இங்கே கேட்ஹெட் என்கிறார்கள். சைக்கிள் கொண்டு போகிறவர்கள் பஞ்சர் ஒட்டும் சாமானோடு போங்கள்.

முங்கோ. இந்த ஏரி வற்றி ஏறக்குறைய 15,000 ஆண்டுகள் ஆகின்றன. ஏரியின் கிழக்குக் கரையில் காற்று குவித்த மணலும் களிமண்ணும் பிறை வடிவ மேடாக நிற்கிறது, அதைத்தான் வால்ஸ் ஆஃப் சைனா என்கிறார்கள். 1968இல் ஜிம் பௌலர் என்கிற நிலவியலாளர் அங்கே எரியூட்டப்பட்ட ஒரு பெண்ணின் எலும்புகளையும், 1974இல் ஓர் ஆணின் உடலையும் கண்டார். இருவரும் சுமார் 42,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். 1981இல் வில்லாண்ட்ரா ஏரிப் பகுதி முழுவதும் உலகப் பாரம்பரிய இடமாயிற்று.

மேட்டுக்குள் தனியாக நடக்கக் கூடாது, பூர்வகுடி வழிகாட்டியோடுதான் போக முடியும். அவர் ஓர் இடத்தில் குந்தி உட்கார்ந்து குச்சியால் காட்டினார். கருத்த மண் ஒரு தட்டு அளவுக்கு வட்டமாக, சுற்றிலும் சுட்ட களிமண் கட்டிகள், ஓரத்தில் ஆற்றுச் சிப்பித் துண்டுகள். அடுப்பு. பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளைக் கல் ஒன்று கிடந்தது. கோல்டன் பெர்ச் மீனின் காதுக்கல் என்றார். எங்களில் யாரும் அதைத் தொடவில்லை. அன்று காலை நாங்கள் உப்புமா கிண்டிய இடத்திலிருந்து அது சில கிலோமீட்டர்தான். யாரோ ஒரு குடும்பம் அங்கே மீன் சுட்டுச் சாப்பிட்டிருக்கிறது. என் மகள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஒரே ஒரு பகல் அங்கே முழுதாகக் கிடைத்தது. போதவில்லை. அடுத்த முறை ஐந்தாறு ஊரை வெட்டிவிட்டு, இரண்டு பூங்கா, ஒவ்வொன்றிலும் ஐந்து இரவு என்றுதான் போவேன். முதல் நாள் பார்க்கும்போது இந்த நிலம் வெறுமையாகத்தான் தெரிகிறது. மூன்றாம் நாள்தான் கண் பழகி, எமு எந்த வழியாக வருகிறது, எந்தச் செடியில் எந்தக் குருவி என்று தெரிய ஆரம்பிக்கிறது. அது தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில் நாங்கள் டிரெய்லரை மடித்துக்கொண்டிருந்தோம்.

#9 யாழ்த்தென்றல்

நன்றி அண்ணா. நாங்கள் போனபோது அந்த மனிதரின் எலும்புகளைப் பற்றி வழிகாட்டி சொன்னதைச் சேர்க்கிறேன். அவற்றை ஆய்வுக்காகக் கான்பெராவில வைத்திருந்தவை. 2017 நவம்பரில பழைய சவ ஊர்தி ஒன்றில முங்கோவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தவை. பெண்ணின் எலும்புகள் 1992இலேயே திரும்பி வந்திட்டுது. சொந்த மண்ணில கிடக்க வேண்டும் என்கிறதைச் சொல்லும்போது அந்த வழிகாட்டிப் பிள்ளையின் குரல் தளதளத்தது. ஊரை விட்டு வந்த எங்களுக்கு அதைக் கேட்டுப் பேசாமல் நிற்கத்தான் முடிந்தது.

#10 கூடாரம்

ஒரு கேள்வி. முத்தவிஞ்சிக்கு ஏன் போகவில்லை? நான்கு சக்கர இழுவை வண்டி இருந்ததே. எட்டு மில்லிமீட்டர் மழைக்கெல்லாம் பயந்தால் மேற்கே எங்கும் போக முடியாது என்பது என் அனுபவம்.

#11 செம்மண்_பாதை

ரோடு மூடியிருந்தது. புரோக்கன் ஹில்லில் அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் மூடப்பட்டது என்றே இருந்தது. மூடிய ரோட்டில் போனால் அபராதம். அதை விட முக்கியம், அந்தக் களிமண் நனைந்தால் சக்கரம் ஒரு முழம் ஆழத்துக்குத் தடம் போடும், காய்ந்தபின் அது கல் மாதிரி இறுகிவிடும். அந்த ரோட்டில் தினமும் போகிறவர்கள் பண்ணை வீட்டுக்காரர்களும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும். நாம் ஒரு நாள் அவசரப்பட்டுக் கெடுத்ததை அவர்கள் மாதக்கணக்கில் சுமக்க வேண்டும். மூடியிருந்தால் நான் போக மாட்டேன்.

முத்தவிஞ்சி 1998இல் பூர்வகுடி மக்களுக்குத் திருப்பித் தரப்பட்ட பூங்கா, மாநிலத்தில் அதுதான் முதல். பாறை ஓவியங்கள் உள்ள முக்கியமான பகுதியை வழிகாட்டியோடுதான் பார்க்கலாம். வா என்று அழைக்கும்போது போய்க்கொள்கிறோம்.

#12 கூடாரம்

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தை நான் யோசித்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

#13 வைகைக்கரையான் (அடிலெய்ட்)

புரோக்கன் ஹில் வரை வந்தவர்கள் இன்னும் ஒரு நாள் மேற்கே வந்தால் ஃபிளிண்டர்ஸ் மலைகள் இருக்கிறதே! இக்கரா என்கிற பூர்வகுடிப் பெயரையும் சேர்த்து 2016இல் பூங்காவின் பெயரை மாற்றினார்கள். வில்பெனா பவுண்டு மலைவளையத்துக்குள் நடக்கலாம், பிராக்கினா பள்ளத்தாக்கில் காரோட்டிக்கொண்டே கோடிக்கணக்கான ஆண்டுப் பாறை அடுக்குகளை வரிசையாகப் பார்க்கலாம்.

ஆனால் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழ ஈ வராமல் தடுக்க எல்லையில் சோதனை உண்டு. பேரியர் நெடுஞ்சாலையில் ஊட்லா விர்ரா என்கிற இடத்தில் நிறுத்துவார்கள். தக்காளி, பச்சை மிளகாய், கத்தரிக்காய், மாம்பழம் எதுவும் கூடாது, கடையில் வாங்கியதானாலும் சரி. அபராதம் பலமானது. நண்பர் குடும்பம் ஒரு கிலோ பச்சை மிளகாயை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு வந்தது. முந்தின இரவே சமைத்துத் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

#14 அச்சாணி

இன்னும் இரண்டு. மாலை மங்கும் நேரத்தில் ஓட்டாதீர்கள், கங்காரு அந்த நேரத்தில்தான் ரோட்டுக்கு வரும். பகலில் கழுகுகளைக் கவனியுங்கள்: அடிபட்ட கங்காருவைத் தின்றுகொண்டிருக்கும் வெட்ஜ் டெயில் கழுகு வயிறு நிறைந்து கனமாக இருக்கும், மேலெழ நேரம் எடுக்கும். தூரத்தில் பார்த்தவுடனே வேகத்தைக் குறைத்து விடுங்கள். அடுத்தது, யு.எச்.எஃப். ரேடியோவில் (வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோ) 40ஆம் சேனலை வைத்திருங்கள். பின்னால் வரும் ரோடு டிரெய்ன் (பல டிரெய்லர்களை இழுக்கும் நீண்ட லாரி) ஓட்டுநர் முந்தப்போகிறேன் என்று அதில்தான் சொல்வார். இடது ஓரம் ஒதுங்கி, சீராகப் போய்க்கொண்டிருந்தால் போதும், மண்ணில் இறங்க வேண்டாம்.

#15 பவளமல்லி

எல்லோருக்கும் நன்றி. முதலில் 12 நாளில் ஏழு இடம் என்று பட்டியல் போட்டிருந்தோம். #8ஐப் படித்துவிட்டு இரவு அவரும் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்துவிட்டோம். செப்டம்பர் விடுமுறையில் வாரம்பங்கிள் மட்டும், ஆறு இரவு. முகாமை இணையத்தில் பதிவு செய்தாயிற்று, சின்ன டிரெய்லர் ஒன்று வாடகைக்குப் பேசியாயிற்று, எடைக் கணக்கும் பார்த்தாயிற்று (ஏ.டி.எம். 1,200, எங்கள் கார் 1,500). விறகு அங்கே பொறுக்கிக்கொள்ளலாமா அண்ணா?

#16 செம்மண்_பாதை

பூங்காவுக்குள் பொறுக்கக் கூடாது தங்கச்சி. கீழே விழுந்து கிடக்கும் கட்டையில்தான் பல்லியும் பூச்சியும் குடியிருக்கின்றன. கூனபரபிரனில் மூட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தீத்தடை உண்டா என்று ஊரை விட்டுக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள், உள்ளே சிக்னல் கிடைப்பது கஷ்டம்.

கடைசி நாள் மழை பெய்து கான்வாஸை ஈரத்தோடு மடிக்க நேர்ந்தால், திருப்பிக் கொடுக்கும் முன் வீட்டு வாசலில் ஒருமுறை விரித்துக் காயவையுங்கள். இரண்டு நாள் ஈரமாகக் கிடந்தாலே பூஞ்சை பிடித்துவிடும்.

செப்டம்பரில் அமாவாசை எந்த நாளில் வருகிறது என்று காலண்டரில் பாருங்கள். அந்த இரவு குழந்தைகளைத் தூங்க வைக்காதீர்கள்.